தலைக்கு இரண்டு முறை சி.டி. ஸ்கேன்: என் மகனுக்குப் பின்னாளில் பாதிப்பு வருமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. சென்ற மாதம் மாடிப்படியிலிருந்து விழுந்து, சிறிது நேரம் நினைவிழந்து, பிறகு மூன்று முறை வாந்தி எடுத்தான். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அன்றே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, லேசான ரத்தக்கசிவு என்றார்கள். மறுநாள் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறான். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒன்று எடுக்கச் சொல்கிறார்கள். 'இத்தனை ஸ்கேன் எடுத்தால் புற்றுநோய் வரும், பக்கத்தில் தம்பியைப் படுக்க வைக்காதே' என்று உறவினர்கள் சொல்வதால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.
- ஒரு தாய், மேலூர்

பதில்: முதல் இரண்டு ஸ்கேன்களைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டியதே இல்லை. நினைவிழப்பும் தொடர் வாந்தியும் உள்ள குழந்தைக்கு மண்டைக்குள் ரத்தம் தேங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைச் சில நிமிடங்களில் காட்டிவிடுவது சி.டி. ஸ்கேன்தான். கசிவு பெருகவில்லை என்று உறுதிசெய்யவே மறுநாள் படம் எடுத்திருப்பார்கள்.

தம்பியைத் தாராளமாகப் பக்கத்தில் படுக்க வையுங்கள். சி.டி. ஸ்கேனில் பயன்படும் எக்ஸ்ரே கதிர் உடலைக் கடந்து போய்விடும். கருவியை நிறுத்திய பிறகு உடலில் எதுவும் தங்குவதில்லை.

ஆனால் கடந்து போகும் அந்த நொடியில் அது செய்வதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். கதிர், உயிரணுவின் மரபுத் தகவலைத் தாங்கும் டி.என்.ஏ.வின் இரட்டை இழையை நேரடியாகவும், உயிரணுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை உடைத்து அதனால் உருவாகும் பொருள்கள் வழியாகவும் சேதப்படுத்துகிறது. பெரும்பாலான சேதத்தை உடலே சரிசெய்துகொள்கிறது. இரண்டு இழைகளும் அருகருகே அறுந்து தவறாக ஒட்டிக்கொள்ளும்போதுதான், மிக அரிதாக, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்க்கு அது விதையாகிறது. குழந்தைகளின் உயிரணுக்கள் வேகமாகப் பிரிவதாலும், அவர்களுக்கு முன்னால் நீண்ட ஆயுள் இருப்பதாலும் பெரியவர்களைவிட அவர்களிடம் நாங்கள் கூடுதல் கவனம் காட்டுகிறோம். ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர்தப்பியவர்களை 1950 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வும் சிறுவயதில் கதிருக்கு ஆளானவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று காட்டியது.

ஸ்கேன் அளவுக் கதிரைப் பற்றி 2012-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 1985 முதல் 2002 வரை சிறுவயதில் சி.டி. எடுத்த சுமார் 1,78,000 பேரை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குட்பட்ட 10,000 பேர் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால் அடுத்த பத்து ஆண்டுகளில் ஒருவருக்குக் கூடுதலாக ரத்தப் புற்றுநோயும், ஒருவருக்குக் கூடுதலாக மூளைக் கட்டியும் வரலாம் என்று கணக்கிட்டார்கள். கட்டியின் ஆரம்ப அறிகுறிக்காகவே சிலருக்கு ஸ்கேன் எடுத்திருக்கலாம் என்ற நியாயமான ஆட்சேபம் எழுந்தது. அப்படிப்பட்டவர்களை நீக்கிப் பார்த்தபோது மூளைக் கட்டிக்கான தொடர்பு குறைந்ததே தவிர மறையவில்லை. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வும், ஸ்கேன் எடுத்த 10,000 குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவிலேயே ரத்தப் புற்றுநோய் ஆபத்தைக் கண்டது. ஆகவே ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகனைப் பொறுத்தவரை அது மிகச் சிறியது என்று உறுதியாகச் சொல்வேன். தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனின் கதிர் சுமார் 2 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு). மண், பாறை, காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து உலகில் ஒரு மனிதர் இயற்கையாகவே ஓர் ஆண்டில் பெறுவது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். உங்கள் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பாறைகளிலும் அந்த இயற்கைக் கதிர் சிறிதளவு உண்டு.

மூன்றாவது ஸ்கேனுக்குத்தான் கேள்வி கேட்க வேண்டும். 'இந்தப் படத்தில் தெரிவதை வைத்துச் சிகிச்சை மாறுமா?' என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அறிகுறி ஏதுமில்லாமல் வெறுமனே பார்ப்பதற்காக என்றால், பரிசோதித்துக் கண்காணித்தாலே போதுமா என்று பேசி முடிவெடுக்கலாம். படம் தேவை என்று அவர் கருதினால் கதிரே இல்லாத எம்.ஆர்.ஐ. உதவுமா என்று கேளுங்கள். அதில் குழந்தை நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டியிருப்பதால் மயக்க மருந்து தேவைப்படலாம். சி.டி.தான் என்றால், வயதுக்கும் எடைக்கும் ஏற்பக் கதிரின் அளவைக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய இரண்டு படங்களையும் அறிக்கைகளையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அவை கையில் இல்லாததால் மறுபடி எடுக்க நேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

இதற்கிடையே அவனுக்குத் தலைவலி கூடினாலோ, மீண்டும் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ, நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அப்போது சி.டி. எடுக்க வேண்டும் என்று சொன்னால் கதிரை நினைத்து ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.