கேள்வி நேரம்: டிராம் டிரைவர் வீடும் பாரம்பரியம்தான்

கேள்வி: கோயில், அரண்மனையைப் பாதுகாப்பது சரி. அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் அடுக்குமாடிகளையும் பாரம்பரியக் கட்டடம் என்கிறார்களே, கொஞ்சம் ஓவராக இல்லை?

பதில்: ராஜா குடியிருந்த வீட்டை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். டிராம் டிரைவர் குடியிருந்த வீடு என்றால் உடனே புல்டோசரைக் கூப்பிடுகிறோம். வியன்னாவில் 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற மாநகராட்சிக் குடியிருப்பைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். பணக்காரர்களிடம் அதிகமாக வசூலித்த வீட்டுவசதி வரியில் எழுந்தது. மனையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை. மீதியெல்லாம் முற்றம், தோட்டம். சலவைக்கூடம், நூலகம், மழலையர் பள்ளி எல்லாம் உள்ளேயே. 1934 உள்நாட்டுச் சண்டையில் பீரங்கிக் குண்டும் வாங்கியிருக்கிறது. இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஆனாலும் மாநகராட்சியின் வாடகை வீடுதான். எந்த அரண்மனைக்கு இந்தக் கதை உண்டு?

கேள்வி: அழகான ஒரு பகுதியை மட்டும் வெட்டி மியூசியத்தில் வைத்துவிட்டால் போதாதா?

பதில்: லண்டனில் செய்துவிட்டார்கள். ராபின் ஹூட் கார்டன்ஸ் என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பை 2017-ல் இடிக்கத் தொடங்கியபோது, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. மறு வருடம் வெனிஸ் கண்காட்சியிலும் அதன் பாகங்களை வைத்தார்கள். அங்கே குடியிருந்தவர்களை எந்த மியூசியம் எடுத்துக்கொள்ளும்?

கேள்வி: பாதுகாக்கிறோம் என்று சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவர்களைக் குளிரிலும் ஒழுகலிலும் விட்டுவிட்டால்?

பதில்: அந்தப் பயம் நியாயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் பார்க் ஹில், 1961-ல் முடிந்த குடியிருப்பு. மாடியில் வீட்டு வாசல் வரை பால் வண்டி வரும், அவ்வளவு அகலமான நடைபாதை. செங்கல் நிறம்கூடக் கீழே அடர்த்தியாகத் தொடங்கி, மேலே போகப் போக வெளுக்கும். 1998-ல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. அப்புறம் புதுப்பித்தார்கள். முதல் கட்டத்தில், கான்கிரீட் சட்டகத்தை வைத்துக்கொண்டு, செங்கலைக் கழற்றிப் பளபளவென்று அலுமினியப் பலகை மாட்டினார்கள். நிறம் போனால் போகட்டும். வாடகை வீடுகளாக இருந்தவற்றில் பெரும்பகுதி விற்பனைக்குப் போனதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

இதற்கு நேர் எதிர் பிரான்ஸின் போர்தோ நகரம். 1960-களின் 530 வீடுகள். லகாத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் தங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து, யாரையும் காலிசெய்யச் சொல்லாமல், வெளிப்பக்கத்தில் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடித் தோட்ட அறையும் பால்கனியும் சேர்த்தார்கள். ஒரு வீட்டுக்குச் சுமார் இரண்டு வாரம்தான் வேலை. குளிர் குறைந்தது, இடம் கூடியது, வாடகை ஏறவில்லை. பழைய முகப்பு போய்விட்டதே என்று சிலர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும்.