வாசகர் கேள்வி: பழைய லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் சோனி ஈ மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) மிரர்லெஸ் கேமரா இருக்கிறது, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். முகப் படங்கள் எடுக்க, பழைய மேனுவல் பிரைம் லென்ஸ் (கையால் ஃபோகஸ் செய்யும், ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றைக் குறைந்த செலவில் வாங்க ஆசை. எதைத் தேடுவது? ஏமாறாமல் எப்படி வாங்குவது?

பதில்: உங்கள் கேமரா இதற்கு ரொம்பத் தோதானது. எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. முதன்முதலில் வாங்கிய எம்42 லென்ஸை (திருகி மாட்டும் பழைய வகை) ஒரு டிஎஸ்எல்ஆரில் மாட்டினேன். அருகில் இருந்த முகம் பளிச்சென்று வந்தது. தூரத்து மரம் மட்டும் எவ்வளவு திருகியும் தெளியவே இல்லை. ஒரு வாரம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதன்மேல் குற்றமே இல்லை. எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். அந்த கேமராவின் மவுண்டே 46.5 மி.மீ. தள்ளி இருந்தது. அப்புறம் இரண்டையும் இணைக்கும் அடாப்டருக்கு ஏது இடம்? லென்ஸ் இன்னும் தள்ளிப்போனது, தூரம் தெளியவில்லை. ஈ மவுண்டில் அந்த தூரம் 18 மி.மீ.தான். மீதி 27 மி.மீ. சொச்சத்தை வெறும் குழாய் அடாப்டரே நிரப்பிவிடும். கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டாம்.

என் தேர்வு எம்42 வகையைச் சேர்ந்த சூப்பர் டக்குமார் 55 மி.மீ. எஃப்1.8. உங்கள் சிறிய சென்சாரில் ஃபுல் ஃபிரேமின் 82 மி.மீ. போலத் தெரியும், முகத்துக்கு அருமை. பலர் சோவியத் ஹீலியோஸ் 44-2-ஐச் சொல்வார்கள், பின்னணி இலைகள் சுழல்வதற்காக. அந்தச் சுழல் படத்தின் ஓரங்களில்தான் பலமாக இருக்கும். ஏபிஎஸ்-சி அந்த ஓரத்தைத்தான் வெட்டிவிடுகிறது. அதற்காகவே வாங்கினால் ஏமாற்றம்தான். இன்னும் அகலமாகத் திறக்கும் எஃப்1.4 மோகமும் வேண்டாம். விலை கூடும், கையால் ஃபோகஸ் செய்வதும் கடினம்.

வாங்கும்போது அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நாலு தூசி கிடந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. பால் பூத்தது போல மங்கலாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, சட்டென்று திறந்து மூடுகிறதா என்றும் பாருங்கள். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் பெரும்பாலும் கிரீஸ் காய்ந்ததுதான், சரிசெய்துவிடலாம். வெளியே கீறல், பெயின்ட் உதிர்வு எல்லாம் பேரம் பேச உதவும்.

மாட்டியதும் இரண்டு வேலை. கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள். டக்குமாரில் ஏ, எம் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை எம்-இல் வையுங்கள். ஏ-யில் இருந்தால், லென்ஸின் பின்னால் உள்ள ஊசியை அடாப்டர் அழுத்தாதவரை, வளையத்தை எங்கே திருப்பினாலும் அப்பர்ச்சர் திறந்தபடியே கிடக்கும். எஃப்1.8-இல், தெளிவான இடத்தைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை முழுக்க நம்ப வேண்டாம். மூக்கு நுனி மின்னும், கண் தப்பியிருக்கும். திரையில் அவர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தே ஷட்டரை அழுத்துங்கள்.