மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி 'சென்சிடிவ்' (கட்டுப்படும்) என்று ரிப்போர்ட் வந்தும் காய்ச்சல் இறங்காதது ஏன்?

முதலில் எம்.ஐ.சி. எண்ணை, அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மருந்தின் மிகக் குறைந்த செறிவைப் பாருங்கள். 'எஸ்' (சென்சிடிவ்) என்ற எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் பாதிச் சிக்கல். ஆய்வகத் தரங்களை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் வரையறைப்படி ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகைக் கிருமிகளுக்கு எம்.ஐ.சி. மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் வரை 'எஸ்', 2 என்றால் 'ஐ' (இடைநிலை), 4 முதல் 'ஆர்' (கட்டுப்படாதது). 0.06 வந்தாலும் 'எஸ்', 1 வந்தாலும் 'எஸ்'. நோயாளியின் உடலில் இரண்டும் ஒன்றல்ல.

மெரோபெனம் கிருமியைக் கொல்வது உச்ச அளவால் அல்ல, எம்.ஐ.சி.க்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதால். டோஸ் இடைவெளியில் குறைந்தது 40% நேரமாவது நிற்க வேண்டும்; தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பலர் 100% எதிர்பார்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இதன் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) ஏறத்தாழ 1 மணி நேரம்தான். செப்சிஸின் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலையின்) தொடக்கத்தில் சிலருக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றிவிடும். அதனால்தான் 1 கிராமை அரை மணி நேரத்தில் ஏற்றாமல் 3 மணி நேரம் ஓடவிடுகிறார்கள். கரைத்த மருந்து அறை வெப்பத்தில் விரைவில் வீரியம் இழக்கும் என்பதால் நாள் முழுவதற்கும் ஒரே பையில் கலந்து தொங்கவிடக் கூடாது.

ஆய்வகத்திலும் தவறு நடக்கும். கிருமி பூசிய அகார் (கூழ்) தட்டில் மருந்து டிஸ்க்கை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமிக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டைவிட (கலங்கலின் அடர்த்தி அளவு) நீர்த்திருந்தாலோ, அகார் 4 மி.மீ.யைவிட மெலிந்திருந்தாலோ வளையம் பெரிதாகிப் பொய்யான 'எஸ்' வரும். ஈரத்தில் கெட்ட டிஸ்க் இதற்கு நேர்மாறாகப் பொய்யான 'ஆர்' தரும்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது சில கிருமிகள் உண்டாக்கும் ஆக்சா-48 என்ற நொதி. இந்த நொதி மெரோபெனத்தை மெதுவாகத்தான் சிதைக்கும், எம்.ஐ.சி. 'எஸ்' எல்லைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சந்தேகம் வந்தால், கிருமி இப்படி மருந்தைச் சிதைக்கிறதா என்று காட்டும் எம்-சிம் சோதனையை ஆய்வகத்தில் செய்யுங்கள். 2 மி.லி. டிரிப்டிக் சோயா பிராத்தில் (கிருமி வளர்ப்புத் திரவம்) 1 மைக்ரோலிட்டர் லூப் (கிருமி எடுக்கும் சிறு கருவி) நிறையக் கிருமியைக் கலந்து, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க்கைப் போட்டு 35 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்து, மருந்துக்குக் கட்டுப்படும் ஈ.கோலை பூசிய தட்டில் வைத்து மறுநாள் அளந்தால் 6 முதல் 15 மி.மீ. வளையம் பாசிடிவ் (கிருமி மருந்தைச் சிதைத்துவிட்டது), 19 அல்லது அதற்கு மேல் நெகடிவ். டிஸ்க்கை எடுக்கும்போது லூப்பைக் குழாய்ச் சுவரில் அழுத்தி, மிகுதி நீரை வடித்துவிட வேண்டும்.

பெயர்தான் பரந்த வீச்சு மருந்து, எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபைலோகாக்கஸ்), என்டரோகாக்கஸ் ஃபீசியம், ஸ்டெனோட்ரோபோமோனாஸ், செல்சுவரே இல்லாத மைகோபிளாஸ்மா எதுவும் இதற்கு மசியாது. வடிக்காத சீழ்க்கட்டி இருந்தால் எந்த டோஸும் போதாது.

வலிப்புக்கு வால்புரோயேட் எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மெரோபெனம் சேர்ந்ததும் ஓரிரு நாளில் வால்புரோயேட் அளவு சரிந்துவிடும், டோஸைக் கூட்டினாலும் ஏறாது. வேறு ஆன்டிபயாடிக் இல்லையென்றால் லெவெடிராசெட்டம் போன்ற வேறு வலிப்பு மருந்தைச் சேர்ப்பார்கள்.