சிசிலி பக்கம் ஹாலிடே போறோம், அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஹோட்டல் எடுக்கறதா, பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் எடுக்கறதா?

பி அண்ட் பி எடுங்க. ஆனா ஓனர் அதே வீட்லயோ, குறைஞ்சது அதே பில்டிங்லயோ குடியிருக்கற பி அண்ட் பியா பாத்து எடுங்க. நான் சொல்ல வர்றதே இந்த ரெண்டாவது விஷயத்தத்தான், ஏன்னா இத்தாலில இப்ப அந்தப் பேர்ல நிறைய இடம் வெறும் ரூம்தான், ஒரு பழைய ஃப்ளாட்ட நாலா தடுத்து வாசல்ல நம்பர் போட்டுத் திறக்கற சாவிப் பெட்டி மாட்டிருப்பாங்க, ஓனர் முகத்தையே பாக்க மாட்டீங்க, பிரேக்ஃபாஸ்ட்னா மேஜை மேல பாக்கெட் க்ரோஸான், பாக்கெட் ரஸ்க், ஜாம் டப்பா. இல்லன்னா ஒரு கூப்பன் குடுத்து கீழ பார்ல போய் சாப்ட்டுக்கோங்கம்பாங்க (அங்க பார்னா நம்ம ஊர் காபிக்கடை மாதிரி, பயப்பட வேண்டாம்). வாலிபப் பசங்க ரெண்டு பேருக்கு அது போதும். முட்டை கூட தொடாத அம்மாவோட போறப்ப ஒரு அடுப்படி வேணும், அதுல நின்னு நாம சொல்றத காது குடுத்துக் கேக்கற ஒரு ஆளும் வேணும்.

நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவ கூட்டிட்டு மே கடைசில போனோம், முதல்ல சிராகூசா, அப்புறம் பலெர்மோ. ரெண்டு ஊர்லயும் பி அண்ட் பி தான்.

புக் பண்றதுக்கு முன்னாடி நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு. பிடிச்ச இடங்களுக்கெல்லாம் ஒரே மெசேஜ், பிரேக்ஃபாஸ்ட் யார் பண்றீங்க, ரூம் எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கா, அம்மாவுக்கு கறி மீன் முட்டை எதுவும் கூடாது என்ன தர முடியும். சில இடத்துலேர்ந்து "வணக்கம், உங்கள் வருகைக்கு நன்றி"ங்கற ரெடிமேட் பதில் வந்துச்சு, அதெல்லாம் விட்டுட்டேன். ஒரு இடத்துலேர்ந்து மட்டும் உடைஞ்ச இங்கிலீஷ்ல நீளமா ஒரு பதில், பால் சாப்டுவாங்களா, சீஸ்? ராத்திரி எத்தன மணிக்கு வருவீங்க, மாடிப்படி செங்குத்தா இருக்கும் அம்மாவுக்கு முட்டி வலி இருக்கான்னு அவங்க நம்மள திருப்பிக் கேக்கறாங்க. அங்கதான் போட்டேன். ஸ்டார் ரேட்டிங்க விட இந்த பதில நம்பலாம்னு இப்பவும் எல்லாருக்கும் சொல்றேன்.

சிராகூசால தங்கறதுன்னா ஓர்டீஜால தங்குங்க, அது பழைய ஊர், சின்னத் தீவு, பாலம் தாண்டினா அந்தப் பக்கம் புது ஊர். கத்தானியா ஏர்போர்ட்லேர்ந்து நேரா பஸ் இருக்கு, ஒண்ணேகால் மணி நேரம் கிட்ட ஆகும். எங்க ஓனரம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், பழைய காலத்து பெரிய வீடு, பிள்ளைங்க எல்லாம் வடக்க மிலான் பக்கம் வேலைக்குப் போய்ட்டாங்க, காலியான ரூமைத்தான் வாடகைக்கு விடறாங்க. இத நான் விசேஷமா சொல்றதுக்குக் காரணம், தெற்கு இத்தாலில நல்ல பி அண்ட் பி நிறைய இப்படித்தான், பிள்ளைங்க வெளியூர் போன வீடு, அதனால அந்த வீட்ல சமையல் பாத்திரம் உண்டு, அலமாரில நல்ல துணி உண்டு, பேசறதுக்கு ஆசையும் உண்டு.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன், நீங்க கேட்டதே அதுதான். இத்தாலிக்காரங்க காலைல இனிப்புதான் சாப்டுவாங்க, ஒரு காபி, ஒரு கொர்னெத்தோ (க்ரோஸான் மாதிரி), முடிஞ்சுது. சூடா காரமா எதையும் எதிர்பாக்காதீங்க. ஆனா சிசிலில வெயில் காலத்துல காலைலயே க்ரனீத்தா சாப்டறாங்க, பாதாம் இல்ல எலுமிச்சை இல்ல காபி போட்டு உறைய வெச்சுச் சுரண்டின ஐஸ், கூடவே உச்சில குடுமி வெச்ச மாதிரி ஒரு பன், அதுக்கு பேரு ப்ரியோஷ். க்ரனீத்தால பால் இல்ல, முட்டை இல்ல, தண்ணி, சர்க்கரை, பாதாம் அவ்ளோதான் (காபி க்ரனீத்தாவுக்கு மேல மட்டும் க்ரீம் போடுவாங்க, வேணாம்னா சொல்லிடலாம்). காலங்காத்தால ஐஸான்னு அம்மா முதல் நாள் முகம் சுளிச்சாங்க, அடுத்த நாள் அவங்களே கேட்டு வாங்கினாங்க. அந்தப் பக்கம் பாதாமுக்கு ஆவோலான்னு ஒரு ஊரே பேர் போனது, பாட்டில்ல வர்ற பாதாம் எசன்ஸ் வேற இது வேற.

ப்ரியோஷ் மட்டும் அம்மாவுக்கு குடுக்கல, அதுல முட்டை இருக்கும். அதோட இன்னொரு விஷயம், இத நிறைய பேர் சொல்றதில்ல, சிசிலில பேஸ்ட்ரிக்கு பழைய வழக்கப்படி பன்னிக் கொழுப்பு சேப்பாங்க, ஸ்ட்ரூத்தோன்னு சொல்வாங்க. எல்லாரும் போட்டோ போடற கன்னோலிங்கற குழல் இனிப்போட மேல் ஓட்டுலயும் வழக்கமா அது உண்டு, சில கடை ப்ரியோஷ்லயும் உண்டு. கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறத பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. அதனால "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா, சென்ஸா ஸ்ட்ரூத்தோ"ன்னு ஒரு பேப்பர்ல இத்தாலியன்ல எழுதச் சொல்லி ஓனர்கிட்டயே வாங்கி பர்ஸ்ல வெச்சுக்கோங்க, கறி மீன் முட்டை பன்னிக்கொழுப்பு வேணாம்னு அர்த்தம். எங்க ஓனரம்மா அத பெரிய எழுத்துல எழுதிக் குடுத்தாங்க, அது போன இடமெல்லாம் வேலை செஞ்சுது. ஹோட்டல் ரிசப்ஷன்ல இப்படிக் கேட்டா செய்ய மாட்டாங்கன்னு இல்ல, ஆனா ஸ்ட்ரூத்தோவ பத்தி நமக்கே தெரியாதப்ப நாம எப்படிக் கேப்போம், அத எடுத்துச் சொன்னதே ஓனரம்மாதான்.

அம்மாவுக்கு அவங்க வெச்சது எள்ளு தூவின ரொட்டி, அத லேசா சுட்டு மேல தக்காளி, ஆலிவ் ஆயில், உப்பு, ஆரிகேனோ. பாக்கீனோ தக்காளின்னு குட்டி குட்டியா வரும், அந்த ஜில்லாவுல விளையறது, அந்த இனிப்பும் புளிப்பும் நம்ம நாட்டுத் தக்காளிலயும் கிடைக்காது. ரெண்டாம் நாள் அவங்க சாயங்காலத்துக்குப் பண்ணி வெச்சிருந்த கப்பொனாத்தால ஒரு கிண்ணம் எடுத்து அம்மாவுக்கு வெச்சாங்க, கத்திரிக்காய பொரிச்சு செலரி, ஆலிவ், கேப்பர் எல்லாம் போட்டு வினிகரும் சர்க்கரையும் சேத்து பண்றது, தொட்டு ஒரு வாய் வெச்சதுமே அம்மா "இது நம்ம கத்திரிக்கா கொத்சு மாதிரில்ல இருக்கு"ன்னுட்டாங்க. அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பாஷையே தேவைப்படல, மார்க்கெட்டுக்கு சேந்து போனாங்க. அப்பல்லோ கோயில் இடிபாட்டுக்கு பக்கத்துலயே மார்க்கெட், காலைல போகணும். மத்தியானம் வெளில சாப்பிட பாஸ்தா அல்லா நோர்மா கேளுங்க, கத்திரிக்கா, தக்காளி, மேல துருவின ரிகோத்தா சீஸ், கறி கிடையாது. சீஸ் விஷயத்துல ரொம்ப கட்டுப்பாடா இருந்தீங்கன்னா பார்மிஜானோவ தவிர்த்துடுங்க, அதுக்கு கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற உறைதான் போடணும்னு விதியே இருக்கு.

ஓனர் கூட இருக்கறதோட மதிப்பு சாப்பாட்டோட நிக்கறதில்ல. அந்த பிரேக்ஃபாஸ்ட் மேஜைலதான் எங்க பயணத்தோட நல்ல பாதி முடிவாச்சு. கதீட்ரலுக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்கன்னு அனுப்பினாங்க, போய் பாத்தா அது சாதாரண சர்ச் இல்ல, கி.மு. 5ம் நூற்றாண்டுல அத்தீனாவுக்குக் கட்டின கிரேக்கக் கோயிலோட தூண அப்படியே விட்டுட்டு நடுவுல சுவர் எழுப்பி சர்ச்சாக்கிருக்காங்க, முன்பக்கம் மட்டும் 1693 பூகம்பத்துக்கு அப்புறம் கட்டினது. அம்மா அந்தத் தூண்ல கை வெச்சு ரொம்ப நேரம் நின்னாங்க.

அப்புறம் நாங்க லிஸ்ட்லயே வெக்காத ஒண்ணு. மே ஜூன்ல சிராகூசாவோட பழைய கிரேக்க தியேட்டர்ல நிஜமாவே கிரேக்க நாடகம் போடறாங்க, 1914ல ஆரம்பிச்ச விழா, மலைப்பாறைய வெட்டி செஞ்ச படில உக்காந்து பாக்கணும். ஓனரம்மா காலைல காபி கப், சர்க்கரை டப்பா, ஸ்பூன எல்லாம் ஆளுங்களா நிறுத்தி அன்னிக்கு நடக்கப் போற கதைய மொத்தமும் சொல்லிக் குடுத்தாங்க, இது ராஜா, இது மக, இது தூது வர்றவன்னு. கல்லு குத்தும்னு வீட்லேர்ந்து குஷன் குடுத்து விட்டாங்க, ராத்திரி காத்து அடிக்கும்னு அம்மாவுக்கு ஒரு சால்வையும். இத்தாலியன்ல ஒரு வார்த்த புரியாம நாங்க மூணு பேரும் கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தோம், சூரியன் இறங்க இறங்க அந்தக் கல்லோட கலரு மாறுது, கோரஸ் பாடுது, எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்த நாடகத்த நான் எந்த பயண வீடியோலயும் பாத்ததில்ல.

பலெர்மோ கதை வேற. சிராகூசாலேர்ந்து பஸ்ல மூணு மணி நேரத்துக்கு மேல. அங்க இலங்கைத் தமிழங்க நிறைய பேர் 80கள்லேர்ந்து வந்து குடியேறி இருக்காங்க, வீட்டு வேலை, பெரியவங்கள பாத்துக்கற வேலைன்னு நிறைய பேர் செய்றாங்க. பலாரோ மார்க்கெட் பக்கம் நாங்க தங்கின பி அண்ட் பில காலைல காபி கொண்டு வந்த அக்கா, அம்மா என்கிட்ட பேசறத கேட்டுட்டு "நீங்கள் இந்தியாவோ? நேற்று இரவு சாப்பிட்டனீங்களோ?"ன்னு கேட்டாங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க. அம்மா முகத்த நீங்க பாத்திருக்கணும். மறுநாள் அம்மாவுக்கு மட்டும் தட்டுல உப்புமா வந்துச்சு, ஓனர்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணேன்னாங்க. அவங்க சொல்லித்தான் மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்குப் போனோம், 600 மீட்டர் உயரம், மேல ஒரு குகைக்குள்ள சாந்தா ரொசாலியா கோயில். 1624ல பிளேக் வந்தப்ப ஊரக் காப்பாத்தின புனிதைன்னு பலெர்மோக்காரங்க கொண்டாடறாங்க. குகைக் கூரைலேர்ந்து சொட்டற தண்ணிய தகரக் கால்வாய் வெச்சு ஓரமா விட்டிருக்காங்க. கிறிஸ்துவங்க மட்டும் இல்ல, இந்துத் தமிழங்களும் குடும்பம் குடும்பமா வந்து கும்பிடறாங்க. ஊர விட்டு அவ்ளோ தூரம் வந்தவங்களுக்கு அந்த மலை எவ்ளோ பெரிய ஆறுதலா இருக்கும்னு அங்க நின்னப்ப புரிஞ்சுது.

சரி, கஷ்டங்களையும் சொல்லணும். படி, முதல்ல படி. பழைய ஊர்ல லிஃப்ட் இருக்கற வீடு கம்மி, கூரை உயரமா இருக்கறதால ரெண்டாவது மாடின்னா நம்ம ஊர் மூணாவது மாடி ஏறின களைப்பு வரும். அம்மாவுக்கு முட்டி வலின்னா முதல் மாடிக்கு மேல எடுக்காதீங்க. ராத்திரி ரிசப்ஷன் கிடையாது, ஃப்ளைட் லேட்டுன்னா உடனே வாட்ஸப்ல சொல்லணும், ராத்திரி ரொம்ப லேட்டா வந்தா சில இடத்துல எக்ஸ்ட்ரா கேப்பாங்க. மத்தியானம் கடையெல்லாம் மூடி ஊரே தூங்கும், அந்த நேரம் ஜன்னல் மரக்கதவ சாத்திட்டு நீங்களும் தூங்கிடுங்க, அந்த வெயிலுக்கு அதுதான் சரி.

கரன்ட். இத்தாலில சாதாரண வீட்டு கனெக்‌ஷன் 3 கிலோவாட் தான். ஏசி, கெட்டில், ஹேர் ட்ரையர் ஒண்ணா போட்டா வீடு மொத்தமும் இருட்டாயிடும். ரைஸ் குக்கர் கொண்டு போற ஐடியா இருந்தா ஓனர கேக்காம செருகாதீங்க, நம்ம ஊர் மூணு பின் ப்ளக் அங்க நுழையவும் நுழையாது, அடாப்டர் வேணும். பாத்ரூம் விஷயத்துல நிம்மதியா இருக்கலாம், 1975லயே வீட்டுக்கு ஒரு பிடேவாவது இருக்கணும்னு அரசாணை போட்ட நாடு அது. கைல பிடிக்கற பைப் இல்ல, கழுவிக்கறதுக்குன்னே தனியா ஒரு பேசின், ஆனா தண்ணி இருக்கு.

போனதும் பாஸ்போர்ட் கேப்பாங்க, சந்தேகப்படாதீங்க, தங்கறவங்க விவரத்த 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்கு ஆன்லைன்ல அனுப்பணும்னு சட்டம். சிட்டி டாக்ஸ்னு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்ளோன்னு தனியா வாங்குவாங்க, ஊருக்கு ஊர் வேற, பெரும்பாலும் ஆன்லைன்ல கட்டின காசுல அது சேராது, சில்லறையா யூரோ வெச்சுக்கோங்க. 2025 ஜனவரி 1லேர்ந்து ஒவ்வொரு இடத்துக்கும் சி.ஐ.என்.னு ஒரு தேசியப் பதிவு எண் கட்டாயம், விளம்பரத்துலயும் வாசல்லயும் இருக்கணும், அது இல்லாத இடத்துல அட்வான்ஸ் கட்டாதீங்க. விசாவுக்கு கன்ஃபர்மேஷன் வாங்கறப்ப போற எல்லார் பேரும் அதுல வர்ற மாதிரி கேட்டு வாங்குங்க, ஃப்ரீயா கேன்சல் பண்ற மாதிரி ரேட்ல போடுங்க.

கார் எடுத்தீங்கன்னா ஓர்டீஜாவுக்குள்ளயும் பலெர்மோ நடு ஊருக்குள்ளயும் கண்ணு மூடிட்டு ஓட்டிட்டுப் போய்டாதீங்க, அனுமதி இல்லாத வண்டிய கேமரா படம் பிடிக்கும், ஊருக்கு வந்து மாசக்கணக்கு கழிச்சு ஃபைன் வரும். எங்க நிறுத்தணும்னு ஓனர்கிட்ட முன்னாடியே கேளுங்க.

ராத்திரி பன்னண்டு மணிக்கு வந்து காலைல ஆறு மணிக்குக் கிளம்பற மாதிரி ஒரு நாள் இருந்தா அன்னிக்கு ஹோட்டல் போடுங்க, பி அண்ட் பில பிரேக்ஃபாஸ்ட் எட்டு மணிக்குத்தான், அத சாப்டாம காசு குடுக்கறதுல பிரயோஜனம் இல்ல. மத்தபடி ஒரு ஊருக்கு மூணு ராத்திரியாவது ஒரே வீட்ல இருக்கற மாதிரி ப்ளான் பண்ணுங்க, முதல் நாள் அவங்களுக்கு அம்மா என்ன சாப்டுவாங்கன்னு புரியறதுக்கே போய்டும்.