இரண்டாவது கணவர் தத்தெடுத்தால் பிள்ளைகளுக்கு ஐசி கிடைக்குமா?

தங்கச்சி, மறுமணம் செய்து திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கல்யாணத்தில் பிறந்த மகனுக்கு 22 வயது, மகளுக்கு 16. இருவரும் பாட்டியிடம் இருக்கிறார்கள். மலேசியரான உங்கள் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் தத்தெடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அப்படிச் செய்தால் அவர்களுக்கு பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைக்குமா, நீல ஐசி (குடிமக்களின் அடையாள அட்டை) வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இப்படிக் கல்யாணமாகி இங்கே வந்து செந்தூலில் குடியேறியவள்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகனுக்கு இந்த வழி இல்லை. மலேசியாவின் 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி, தத்தெடுக்கப்படுபவர் 21 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஊரிலேயே தத்துப்பத்திரம் எழுதிக் கொண்டுவந்தால் என்ன என்று யாராவது சொல்வார்கள். இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் சாதி, குல வழக்கம் இடம் கொடுத்தால் தவிர 15 வயது முடிந்தவரைத் தத்தெடுக்க முடியாது. அப்படி ஒரு பத்திரம் இருந்தாலும் அதைக் காட்டி இங்கே குடியுரிமை கேட்க முடியாது. தத்து என்பது உறவைத்தான் மாற்றும். குடியுரிமையைத் தருவதோ மறுப்பதோ உள்துறை அமைச்சு. இது தெரியாமல்தான் பலர் ஏஜென்ட் கையில் பணத்தைக் கொடுக்கிறார்கள். சொந்தத் தகப்பன் என்று பொய்யாகப் பதிந்து ஐசி எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். மோசடியாகப் பதிந்து பெற்ற குடியுரிமையைப் பறிக்க அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. பிறகு அந்தப் பையன் இரண்டு நாட்டுக்கும் இல்லாமல் நிற்பான்.

மகன் வர வேண்டுமென்றால் தன் காலில் வரட்டும். படிக்க வந்தால் மாணவர் பாஸ், வேலை கிடைத்தால் வேலை பாஸ் (பாஸ் என்பது இங்கே தங்குவதற்கான அனுமதி). 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாளுக்கு விசா இல்லாமல் வரலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒருமுறை வந்து வீட்டையும் புது அப்பாவையும் பார்த்துவிட்டுப் போகட்டும். வந்த இடத்தில் வேலை மட்டும் செய்யக் கூடாது.

மகள் விஷயம் வேறு. அவளுக்கு வயது இருக்கிறது, ஆனால் நாள் அதிகம் இல்லை. 21-க்குள் கோர்ட் உத்தரவு வாங்கலாம். ஆனால் அவள் தீபகற்ப மலேசியாவில் வசிப்பவளாக இருக்க வேண்டும். உத்தரவுக்கு முன் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து உங்கள் இருவர் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். பாட்டி வீட்டில் இருந்தபடி இது நடக்காது. சுற்றுலா முத்திரையை வைத்து இங்கே வசிக்கிறாள் என்று காட்டுவதும் சரி வராது. அதனால் முதலில் அவள் பெயரில் முறையான பாஸ் வேண்டும். சர்வதேசப் பள்ளி வழியாக மாணவர் பாஸ் ஒரு வழி, செலவு கூடும். அப்புறம் சொந்தத் தகப்பனின் சம்மதம். அவர் கைவிட்டுப் போனவர் என்றால் அதை நிரூபித்து, சம்மதம் தேவையில்லை என்று கோர்ட்டைக் கேட்க வேண்டும். ஜே.பி.என். என்கிற தேசியப் பதிவுத் துறையில் பதிவு செய்கிற இன்னொரு வழியும் உண்டு. அதற்கு 18 வயதுக்குள், இரண்டு ஆண்டு பராமரிப்பு வேண்டும். 16 வயதுப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட கைவிட்டுப் போன வழி. வீட்டுக்காரர் முஸ்லிம் என்றால் முன்னால் சொன்ன 1952 தத்தெடுப்புச் சட்டம் பொருந்தாது, இந்தப் பதிவு ஒன்றுதான்.

உத்தரவு கையில் வந்துவிட்டாலும் அவள் இந்தியக் குடிமகள்தான், பாஸ் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடியுரிமைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் மனு போடலாம், முடிவு அமைச்சின் கையில். அதற்கு 21 என்றிருந்த வயது வரம்பை 18 ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதனால்தான் நாள் இல்லை என்கிறேன். கிடைத்தாலும் இந்திய பாஸ்போர்ட்டை விட வேண்டும், இரண்டு நாடுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதை அவளிடமே கேளுங்கள். 16 வயதுப் பெண்ணுக்குச் சொந்த மனசு இருக்கும்.

உங்களுக்கு பி.ஆர். வந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்றும் நினைக்கலாம். துணைவருக்கான சமூக வருகை பாஸில் சில வருடம் இருந்த பிறகுதான் மனுவே போட முடியும். அதற்குள் மகளுக்கு 18 தாண்டிவிடும்.

வீட்டுக்காரரின் அன்பு வீணாகாது. மலேசியச் சட்டத்தில், உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவியின் முன்கல்யாணப் பிள்ளைக்குப் பங்கு இல்லை. மகனுக்கு ஏதாவது தர நினைத்தால் அவர் உயில் எழுதட்டும், முஸ்லிம் அல்லாதவர் சேமநிதியிலும் அவன் பெயரைப் போடலாம். இதற்குத் தத்து வேண்டாம், வயது வரம்பும் கிடையாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: விவாகரத்துத் தீர்ப்பு, மகள் உங்கள் பொறுப்பில் என்ற கோர்ட் உத்தரவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஊரில் எடுக்கச் சொல்லுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பமும் சென்னை மலேசியத் துணைத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கட்டும். தமிழில் இருப்பதை மொழிபெயர்க்க வேண்டும். அதோடு, குடும்ப வழக்குப் பார்க்கிற வக்கீல் ஒருவரை மகள் வருவதற்கு முன்பே பாருங்கள்.