நடுவில் வந்த கல்யாணம்

வணக்கம் சார்,

நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் ஷேக்ஸ்பியரின் 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ' பாடம். பாதுவா நகரத்துப் பணக்காரர் பாப்டிஸ்டாவுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் கேத்தரினா (சுருக்கமாக 'கேட்') வாய்க்காரி, கோபக்காரி. இளையவள் பியான்கா சாது. மூத்தவளுக்கு முடியாமல் இளையவளுக்கு இல்லை என்கிறார் அப்பா. பெட்ரூக்கியோ என்பவன் மூத்தவளைக் கட்டி, பட்டினி போட்டு, தூங்கவிடாமல் செய்து வழிக்குக் கொண்டுவருகிறான். கடைசியில் அவளே மனைவியின் கடமை பற்றிப் பிரசங்கம் செய்கிறாள்.

வகுப்பில் ஒரு மாணவி, "திமிர் பிடிச்சவளை அறைஞ்சு திருத்துற நம்ம பழைய சினிமாதானே மேடம் இது?" என்று கேட்டுவிட்டாள். நான் தடுமாறி, கடைசி உரையை நையாண்டியாகவும் எடுத்துக்கொள்ளலாம், கேட் பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோல நடிப்பதும் உண்டு என்று சொன்னேன். "அப்போ ஷேக்ஸ்பியர் யார் பக்கம்?" என்றாள். ஆண்டு விழாவில் அந்தக் கடைசிக் காட்சியை அவள்தான் நடிக்கப்போகிறாள். கண்ணடிக்கச் சொல்வதா, வேண்டாமா? காதலையும் பெண்ணின் தைரியத்தையும் கொண்டாடிய அந்தக் கால நகைச்சுவை நாடகங்களுக்கு நடுவே இது மட்டும் ஏன் இப்படி?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாணவி சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். பெட்ரூக்கியோ கேட்டை அடிப்பதில்லை. முதல் சந்திப்பில் அவள்தான் அவனை அறைகிறாள். இன்னொரு முறை அடித்தால் நானும் அடிப்பேன் என்று சொல்வதோடு அவன் நிறுத்திக்கொள்கிறான். 1550 வாக்கில் இங்கிலாந்தில் அச்சான ஒரு கதைப்பாட்டில், கணவன் மனைவியை ரத்தம் வர அடித்து, உப்புப் போட்ட குதிரைத் தோலில் சுற்றிக் கட்டுகிறான். அதோடு வைத்துப் பார்த்தால் ஷேக்ஸ்பியர் எவ்வளவோ மேல் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கறி கருகிவிட்டது, உனக்கு ஆகாது என்று தட்டை வீசுகிறான். படுக்கை சரியில்லை, நீ படுக்கக் கூடாது என்று தலையணையை எறிகிறான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்ற பேச்சோடு. ராஜாளியைப் பழக்குவதுபோல இவளைப் பழக்குகிறேன், பணியும்வரை வயிறு நிறையக் கூடாது, கண் மூடக் கூடாது என்று அவனே நம்மிடம் வந்து விளக்குகிறான். அடித்திருந்தால் அவளும் திருப்பி அடித்திருப்பாள். அக்கறையைத் திருப்பி அடிக்க முடியுமா?

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். இது மட்டும் ஏன் இப்படி? என் பதில் ரொம்ப எளிமையானது. இந்த நாடகத்தில் கல்யாணம் நடுவில் வந்துவிடுகிறது.

மற்றவற்றை எடுத்துப் பாருங்கள். 'ஆஸ் யு லைக் இட்' நாலு ஜோடிக் கல்யாணத்தோடு முடிகிறது. 'மச் அடோ அபௌட் நத்திங்'கில் பியாட்ரிஸும் பெனடிக்கும் கோயிலுக்குப் போகும் முன்னால் ஆடுகிறார்கள், திரை விழுகிறது. 'ட்வெல்ஃப்த் நைட்'டின் வயோலா கடைசிவரை ஆண் உடையிலேயே நிற்கிறாள். அவளுடைய பெண் உடை ஒரு மாலுமியிடம் இருக்கிறது, அவனோ சிறையில் இருக்கிறான். உடை வந்து, அவள் பெண்ணாகி, மனைவியாகி நாம் பார்ப்பதே இல்லை. கேட்டுக்கு மட்டும் மூன்றாம் அங்கத்திலேயே கல்யாணம். மாப்பிள்ளை கந்தல் உடையில், நோய் பிடித்த குதிரையில் தாமதமாக வருகிறான். பாதிரியாரை அடிக்கிறான். விருந்து சாப்பிட இருக்க மாட்டேன் என்கிறான். அவள் போக மறுக்கும்போது, இவள் என் பொருள், என் உடைமை, என் வீடு, என் வயல், என் களஞ்சியம், என் குதிரை, என் எருது, என் கழுதை என்று வரிசையாக அடுக்கிவிட்டு இழுத்துக்கொண்டு போகிறான்.

அந்த வரிசையைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு அது வெறும் ஜம்பம் இல்லை என்று தெரியும். ஆங்கிலேயப் பொதுச்சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. அவள் கணவனுக்குள் அடக்கம். அவள் கொண்டுவந்த பணம், நகை, பாத்திரம் எல்லாம் அவனுடையது. விதவையானால்தான் மறுபடி ஒரு ஆள். 1632-ல் லண்டனில் அச்சான, பெண்களுக்கான சட்டம் பற்றிய நூல் ஒன்று, பெண்கள் எல்லோரும் ஒன்று கல்யாணமானவர்கள், இல்லை கல்யாணமாகப் போகிறவர்கள், அவ்வளவுதான் என்கிறது. அப்படியானால் ஒரு பெண்ணின் 'முடியாது'க்கு விலை இருந்தது எப்போது? அப்பா கையிலிருந்து கணவன் கைக்குப் போகும் அந்தச் சின்ன இடைவெளியில்தான். நகைச்சுவை நாடகங்கள் குடியிருப்பது அந்த இடைவெளியில். பெண் ஆண்வேடம் போடுவது, காட்டுக்கு ஓடுவது, புதிர் போடுவது எல்லாமே அந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் நீட்டிப்பதற்கான தந்திரங்கள்.

போர்ஷியாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பீர்கள். 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்'ஸிலும் கல்யாணம் நடுவில்தானே? சரிதான். என் வீடு, என் வேலைக்காரர்கள், நான், எல்லாம் இனி உங்களுடையது என்று கணவனிடம் மோதிரத்தைக் கொடுக்கிறாள். ஆனால் முதலிரவுகூட நடக்கவில்லை, அதற்குள் வக்கீல் வேடம் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அந்த மோதிரத்தை அவனிடமிருந்தே வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறாள். கல்யாணம் முடிந்த பிறகும் இடைவெளியைத் திருடி நீட்டியவள் அவள்.

அப்புறம் நீங்கள் சொன்ன காதல் கொண்டாட்டம். காதல் இருக்கிறது, பக்கத்திலேயே கணக்குப் பிள்ளையும் இருக்கிறார். பெட்ரூக்கியோ பாதுவாவுக்கு வந்தது பணக்கார இடத்தில் பெண் எடுக்க. இதை அவன் மறைக்கவே இல்லை. பாப்டிஸ்டாவிடம் அவன் நேராகவே விசாரிப்பது வரதட்சணை எவ்வளவு என்று. இப்போது இருபதாயிரம் கிரவுன், என் காலத்துக்குப் பின் நிலத்தில் பாதி என்கிறார் அவர். நான் முந்திப் போனால் என் நிலபுலம் எல்லாம் அவளுக்கு என்று இவன் பதில் உறுதி தருகிறான். 'அவளுடைய அன்பைப் பெற்றால்தான், அதுதான் எல்லாம்' என்று அப்பா ஒரு நிபந்தனையும் வைக்கிறார், பாவம். கொஞ்ச நேரத்தில் மகள், ஞாயிற்றுக்கிழமை கல்யாணமா, அதற்கு முன் இவனைத் தூக்கில் பார்க்கிறேன் என்று கத்துகிறாள். தனியாக இருக்கும்போது கொஞ்சுகிறாள், நாலு பேர் முன்னால் மட்டும் முறைப்பதாக எங்களுக்குள் ஏற்பாடு என்று பெட்ரூக்கியோ அளக்கிறான். அப்பா இரண்டு பேர் கையையும் சேர்த்துவைத்துவிடுகிறார். உங்கள் மாணவிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. அதற்குப் பிறகு அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

சாதுவான பியான்காவுக்கு நேரடியாகவே ஏலம். கிழவர் கிரேமியோ நூறு கறவை மாடு, நூற்றிருபது கொழுத்த எருது என்கிறார். எதிரே இருப்பவன் பீசா நகரத்தில் வீடுகள், கப்பல்கள் என்று ஏற்றிக்கொண்டே போகிறான். அவன் மாப்பிள்ளைகூட இல்லை, மாப்பிள்ளை வேடம் போட்ட வேலைக்காரன். இல்லாத சொத்தைச் சொல்லித்தான் ஜெயிக்கிறான். ஷேக்ஸ்பியர் யார் பக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இந்த ஏலத்தை எழுதியபோது அவர் ரசித்து எழுதியிருக்கிறார்.

ஒரு விஷயம் சொன்னால் மாணவர்களுக்குப் பிடிக்கும். ஜூலியட்டுக்குப் பதினாலுகூட ஆகவில்லை என்பதால் அங்கே எல்லோருக்கும் பால்ய விவாகம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அன்றைய இங்கிலாந்தில் சாதாரணப் பெண்கள் சராசரியாக 25, 26 வயதில்தான் கட்டிக்கொண்டார்கள், ஆண்கள் அதற்கும் பிறகு. தொழில் பழகும் இளைஞன் பயிற்சிக் காலம் முடியும்வரை கட்டக் கூடாது. ஒரு பென்னி கொடுத்து அரங்கில் நின்றுகொண்டே பார்த்த கூட்டத்தில் இந்தப் பையன்கள் நிறைய. காத்திருக்கும் காலம் அவர்களுக்கும் நீளமானதுதான். (ஷேக்ஸ்பியர் விதிவிலக்கு. 1582-ல் அவருக்கு 18, மணப்பெண்ணுக்கு 26, ஆறு மாதத்தில் குழந்தை.)

இடைவெளி என்றேனே, அதை மிக நுட்பமாகக் காட்டும் காட்சி 'ஆஸ் யு லைக் இட்'டில் இருக்கிறது. ரோசலிண்ட் பையன் வேடத்தில் காட்டில் இருக்கிறாள். என்னை ரோசலிண்ட் என்று நினைத்துக் காதலித்துப் பழகு என்று ஆர்லாண்டோவைப் பயிற்றுவிக்கிறாள். விளையாட்டுக் கல்யாணம் ஒன்றும் நடக்கிறது. அவன் பட்டும்படாமல் ஏதோ சொல்ல, அவள் விடாமல், 'ரோசலிண்ட், உன்னை மனைவியாக ஏற்கிறேன்' என்று சொல்ல வைக்கிறாள். இதில் இலக்கணம் இருக்கிறது. அன்றைய திருச்சபைச் சட்டப்படி 'ஏற்பேன்' என்றால் நிச்சயதார்த்தம். 'ஏற்கிறேன்' என்றால் கல்யாணமே முடிந்தது. பாதிரியார் இல்லாவிட்டாலும் செல்லும், திருச்சபை முகம் சுளித்தாலும் செல்லும். எதிர்காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பெண் அவள். கையோடு சொல்லியும் விடுகிறாள்: ஆண்கள் காதலிக்கும்போது ஏப்ரல், கட்டிக்கொண்டால் டிசம்பர். கன்னிப்பெண்ணும் மே மாதம்தான், மனைவியானால் அவள் வானமும் மாறும்.

இவ்வளவையும் பேசியது ஒரு பையன் என்பதை மறந்துவிடக் கூடாது. 1660 வரை லண்டன் பொது அரங்குகளில் பெண்கள் தொழில்முறையாக நடித்ததில்லை. பையன் பெண்ணாக நடித்து, அந்தப் பெண் பையனாக நடித்து, அந்தப் பையன் மறுபடி பெண்ணாக நடிக்கிறான். ஸ்திரீபார்ட் பார்த்து வளர்ந்த நம் தாத்தாக்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. 'ஆஸ் யு லைக் இட்'டைப் பம்மல் சம்பந்த முதலியார் 'விரும்பிய விதமே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அவருடைய சபையிலும் பெண் வேடம் ஆண்களுக்குத்தான். இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே 1560-களிலேயே பெண்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்புகழ் பெற்ற இசபெல்லா ஆன்ட்ரேயினி பிறந்த ஊர் எது தெரியுமா? பாதுவா. 1589-ல் ஃபுளோரன்ஸில், அந்நகரை ஆண்ட மெடிச்சி வீட்டுக் கல்யாணத்தில் பைத்தியம் பிடித்த பெண்ணாக நடித்து அசத்தியவர். 1604-ல் கர்ப்பமாக இருந்தபோது பிரான்ஸின் லியோன் நகரில் இறந்தார். லண்டனில் பாதுவாக்காரியாக ஒரு பையன் நடித்தான், நிஜப் பாதுவாக்காரி இத்தாலி மேடையை ஆண்டுகொண்டிருந்தாள்.

சரி, கண்ணடிப்பதா வேண்டாமா? வேண்டாம். கடைசி உரை 44 வரி, நாடகத்திலேயே நீளமானது. கண்ணடித்தால் அந்த 44 வரியும் ஒரு நொடியில் வீணாகிவிடும். நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம். உங்கள் மாணவியை நேராகவே பேசச் சொல்லுங்கள். கணவன் கடலிலும் நிலத்திலும் உடல் நோக உழைக்கிறான், நீ வீட்டில் கதகதப்பாகப் படுத்திருக்கிறாய் என்று ஒரு வரி வரும். அதைச் சொல்லும்போது பெட்ரூக்கியோவை ஒரு பார்வை பார்த்தால் போதும். நாடகம் முழுக்க அவன் செய்த ஒரே உழைப்பு மாமனாரிடம் பணம் வாங்கியது. இந்த உரைக்கும் அவனுக்கு வருமானம் உண்டு. யார் மனைவி கூப்பிட்டதும் வருகிறாள் என்று நூறு கிரவுன் பந்தயம். அதில் ஜெயித்ததும், மாறிப்போன மகளுக்கு மறு வரதட்சணை என்று பாப்டிஸ்டா இன்னொரு இருபதாயிரம் தருகிறார்.

பியான்காவாக நடிக்கும் பெண்ணையும் கவனியுங்கள். வேலையாக இருக்கிறேன் என்று முதலில் வர மறுத்தவள் அவள். உன்னால் நூறு கிரவுன் போச்சு என்று புதுக்கணவன் புலம்பும்போது, என் பணிவை நம்பிப் பந்தயம் கட்டிய நீதான் முட்டாள் என்கிறாள். சிரிப்பு அவளுக்குத்தான் விழ வேண்டும்.

இந்த அசௌகரியம் இன்றைய பெண்ணியத்தால் வந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், ஜான் ஃபிளெட்சரைக் காட்டுங்கள். 1611 வாக்கிலேயே இதற்கு எதிர்ப்பாட்டாக 'டேமர் டேம்ட்' எழுதிவிட்டார். கேட் இறந்துவிட்டாள். பெட்ரூக்கியோ மரியா என்பவளை மறுமணம் செய்கிறான். முதலிரவன்று அவள் மாடி அறையை அடைத்துக்கொள்கிறாள். ஊர்ப் பெண்கள் சாப்பாடும் மதுவுமாக வந்து துணை நிற்கிறார்கள். நிபந்தனைகளை ஒத்துக்கொண்டால்தான் கதவு. 1633 நவம்பரில் இரண்டையும் சார்லஸ் மன்னர் முன் இரண்டு நாள் இடைவெளியில் நடித்தார்கள். நாடகத் தணிக்கை அதிகாரி தன் குறிப்பில் ஷேக்ஸ்பியருக்கு 'பிடித்திருந்தது' என்றும், ஃபிளெட்சருக்கு 'மிகவும் பிடித்திருந்தது' என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

யார் பக்கம் என்ற கேள்விக்கு என்னால் ஒரு கோர்ட் ஆவணத்தைத்தான் காட்ட முடியும். ஷேக்ஸ்பியர் லண்டனில் மௌண்ட்ஜாய் என்ற பிரெஞ்சு அகதிக் குடும்பத்தோடு குடியிருந்தார். பெண்கள் தலையில் சூடும் அலங்கார அணிகள் செய்யும் தொழில். அவர்களுடைய ஒரே மகள் மேரிக்கும் பட்டறையில் தொழில் பழகிய ஸ்டீஃபன் பெலாட்டுக்கும் முடிக்கலாம் என்று பேச்சு. பையனிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைக்கும்படி பெண்ணின் தாய் ஷேக்ஸ்பியரைக் கேட்டுக்கொண்டார். அவரும் செய்தார். 1604-ல் கல்யாணம் நடந்தது. சொன்ன வரதட்சணை அறுபது பவுண்டு வரவில்லை என்று மாப்பிள்ளை வழக்குப் போட, 1612 மே மாதம் ஷேக்ஸ்பியர் சாட்சி சொன்னார். வரதட்சணை பேசியது உண்மை, எவ்வளவு என்று ஞாபகம் இல்லை என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வழக்கு பிரெஞ்சுத் திருச்சபைப் பெரியவர்களிடம் போனது. அவர்கள் ஏழு பவுண்டுக்கும் குறைவான ஒரு தொகையைக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வருடம் ஆகியும் மாமனார் அதையும் கொடுத்தபாடில்லை. அந்தக் கல்யாணத்தைப் பற்றி மேரி என்ன நினைத்தாள் என்று கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.

அன்புடன்.