தால் சாப்பரில் ஓர் அபூர்வ ஆள்காட்டி: கேள்வி பதில்

திருச்சி வாசகர்: டிசம்பரில் குடும்பத்துடன் ஜெய்ப்பூரிலிருந்து பிக்கானேர் போகிறோம், ஐயா. வழியில் சோசியபிள் லேப்விங் என்கிற அபூர்வ ஆள்காட்டிப் பறவையைப் பார்க்க முடியுமா?

தால் சாப்பரில் ஓர் இரவு தங்கினால் வாய்ப்புண்டு. ராஜஸ்தானின் சுரு மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சரணாலயம் ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 210 கி.மீ. சாலாசர், சுஜான்கர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போகிற போக்கில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்ப்பதென்றால் பேசாமல் நேர்வழியில் போய்விடுங்கள். பறவை சிக்காவிட்டாலும் வெளிமான் கூட்டத்தைக் காட்டி வீட்டாரைச் சமாளித்துக்கொள்ளலாம்.

சேலம் வாசகர்: கரைப்பறவை என்கிறார்கள். அப்படியானால் ஏரிக்கரையில்தானே தேட வேண்டும்?

அங்கே நின்றால் வெள்ளைவால் ஆள்காட்டிதான் கிடைக்கும். சோசியபிள் லேப்விங் இனத்தால் கரைப்பறவை, குணத்தால் மேய்ச்சல் காட்டுப் பறவை. கசகஸ்தானின் ஸ்டெப்பி என்னும் பரந்த புல்வெளியில், ஆடுமாடு மேய்ந்து கட்டையாகிப் போன புல்லில்தான் முட்டையிடுகிறது. குளிர்காலத்துக்கு இங்கே வந்தாலும் தரிசு, உழுத வயல், குட்டைப்புல் என்றுதான் திரியும். சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் வயல்களையும் விடாதீர்கள்.

மதுரை வாசகி: மற்ற ஆள்காட்டிகளிலிருந்து பிரித்தறிவது எப்படி?

முதலில் காலைப் பாருங்கள். நம் ஊர் ஆள்காட்டிகள் இரண்டுக்கும், வெள்ளைவாலுக்கும் மஞ்சள் கால், இதற்குக் கறுப்பு. மூக்கருகே தொங்குசதை கிடையாது. பிறகு தலை: கருத்த உச்சி, அதன் கீழே அகலமான வெளிர் புருவம். இரண்டு புருவங்களும் பின்னால் ஓடிப் பிடரியில் ஒன்றுசேரும். உடம்பு மங்கிய மண்நிறம். படங்களில் வரும் கரிய வயிறு இனப்பெருக்கக் காலக் கோலம். டிசம்பரில் அதைத் தேடினால் ஏமாறுவீர்கள். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும். நின்றுவிட்டால் மண்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பறக்கும்போது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்: இறக்கை நுனி கறுப்பு, பின்பகுதி வெள்ளை, வெள்ளை வாலில் கறுப்புப் பட்டை.

ஈரோடு வாசகர்: இவ்வளவு அருகிப்போகக் காரணம் என்ன?

முக்கியமாகத் துப்பாக்கி. வலசைப் பாதையில் சிரியா, ஈராக் போன்ற இடங்களில் கூட்டமாக இறங்கும்போது சுட்டுவிடுகிறார்கள். முட்டைகளைக் கால்நடைகள் மிதிப்பதுதான் காரணம் என்று ஒருகாலத்தில் மாடுகள்மீது பழி போட்டார்கள். அந்த மாடுகள் மேயாவிட்டால் அதற்குக் கூடு வைக்க இடமே இருக்காது.

நெல்லை வாசகர்: படமெடுக்க ஜீப்பிலிருந்து இறங்கலாமா அண்ணா?

கூடாது, தம்பி. வண்டிக்குள் இருந்தால் அது தன்பாட்டுக்கு மேயும். ஆள் இறங்கினால் எழும்பிவிடும். பெரிய லென்ஸ் இல்லையென்றால் பைனாகுலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.